மழைக்கு நான், வெயிலுக்கு ரோஸ்லான்

ஜூலை 29, திங்கள்

காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது வலது முட்டி 'டக்' என்றது. சமையற்கட்டிலிருந்தே மங்கை கேட்டாள்: "இன்னிக்குமா?" அந்தச் சத்தம் அவளுக்கு மணிக்கூண்டு மாதிரி ஆகிவிட்டது. கேட்டதும் கோப்பி கலக்க ஆரம்பித்துவிடுவாள்.

மின்சார வாரியத்தில் பெரியவர் கூப்பிட்டு அனுப்பினார். கிள்ளான் மின்நிலையத்தில் மேற்பார்வையாளர் இடம், செப்டம்பரிலிருந்து எனக்கு. ஷிப்ட் வேலை. "அப்புறம் பந்து பிடிக்கிறேன், லீவு குடுங்கன்னு வந்து நிக்கக்கூடாது வடமலை. இப்பவே ஒண்ணு சொல்லிடு" என்றார். வேலைதான் வேண்டும் என்று உடனே சொல்லிவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? முப்பத்து நான்கு வயதில் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்று குடும்பம் நடத்த முடியாது.

ஆக, நாளை தொடங்கும் முகாம்தான் கடைசி. இதுதான் என் கடைசி ஆகஸ்ட் கிண்ணம்.

வருஷா வருஷம் ஆசியாவின் பாதி நாடுகளை அழைத்து, ரெண்டு வாரம் சோறு போட்டு, கிண்ணத்தையும் கொடுத்து அனுப்புகிறோம். நாம் ஜெயித்தது ஒரே தடவை. அப்போது நான் மாற்று கோல்கீப்பர். கிண்ணம் வரிசையில் கைமாறிக் கைமாறி வந்தது. நான் கடைசி ஆள். பக்கத்து ஆளிடமிருந்து நான் கை நீட்டும்போது நடுவில் கால்பந்துச் சங்கத் தலைவர் டத்தோ புகுந்து வாங்கிக்கொண்டார், போட்டோவுக்கு. அந்தப் போட்டோ இன்னும் சங்க அலுவலகத்தில் தொங்குகிறது. ஓரத்தில் நீட்டியபடி ஒரு கை தெரியும். அது என்னுடையது.

ஒரு தடவை அதைக் கையில் பிடிக்க வேண்டும். முத்தம் கொடுப்பது, தலைக்கு மேல் தூக்குவது எல்லாம் வேண்டாம். பிடித்தால் போதும்.

ஜூலை 31, புதன்

பள்ளி விடுமுறை என்பதால் ஆசிரியர் கல்லூரி விடுதியில்தான் எல்லா அணிகளும். கட்டில்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்தவை. கால் வெளியே தொங்குகிறது. அறைத் தோழன் இந்த வருஷமும் கோக் செங். தற்காப்பில் எனக்கு முன்னால் நிற்பவன், குறட்டையில் எனக்கு மிக முன்னால் நிற்பவன்.

மாடிப்படியில் பர்மா அணி. அவர்களுடைய கோல்கீப்பர் கோ தெய்ன் என்னைப் பார்த்ததும் தமிழில் கத்தினான்: "சாப்டாச்சா தம்பி?"

ரங்கூனில் அவன் வளர்ந்தது தமிழர் தெருவில். பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தத் தெருவே கப்பலேறிவிட்டது. அவனுக்கு மிஞ்சியது இந்த ஒரு விசாரிப்பும் கொஞ்சம் கெட்ட வார்த்தைகளும்தான். மற்றதெல்லாம் உடைந்த மலாயில் பேசிக்கொள்வோம். வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தால் முதலில் கையை நீட்டி விரல்களை ஒப்பிடுவோம். இந்த வருஷம் அவனுக்குச் சுண்டு விரல் ஒன்று கூடுதலாக வளைந்திருக்கிறது. எனக்கு முட்டி. அவன் ஊர்த் தைலம் கொஞ்சம் கொடுத்தான். கற்பூர நெடி, கண்ணெல்லாம் எரிகிறது. அறைக்குள் வந்ததும் கோக் செங் ஜன்னலைத் திறந்துவிட்டான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தாய்லாந்தோடு ரெண்டு – பூஜ்யம். நான்தான் நின்றேன். பெரிய வேலை ஒன்றும் வரவில்லை. ஒரு முறை பாய்ந்ததில் முட்டி தரையில் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். கோச் மன்சோர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

பார்த்துவிட்டார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

இந்தோனேசியாவுக்கு எதிராக ரோஸ்லானை நிறுத்தினார்கள். இருபத்தொரு வயது, கெடாவிலிருந்து வந்திருக்கிறான். பூனை மாதிரி குதிக்கிறான், இறங்கும்போது சத்தமே இல்லை. எனக்குக் குதிப்பதைவிட இறங்குவதுதான் பிரச்சினை. ஒன்று – பூஜ்யம் ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, "அண்ணே, அந்தக் கார்னர்ல நான் வெளிய வந்தது சரியா?" என்று கேட்டான்.

சரி என்றேன். சரிதான். சொல்லும்போது வாய் கசந்தது.

நல்ல பிள்ளை வேறு. திமிர் பிடித்தவனாக இருந்தால் வெறுக்கவாவது வசதியாக இருக்கும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சங்கத்தில் வழக்கம் போல மழை கட்டும் போமோவை, அதாவது மந்திரக்காரரை, ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பாக் டாலிப் என்று பெயர், கோல சிலாங்கூர்க்காரர். கிழக்குப் பக்க இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு பாய், சாம்பிராணிச் சட்டி, பக்கத்தில் மண்ணில் வரிசையாகத் துடைப்பக்குச்சிகள். ஒவ்வொரு குச்சியின் தலையிலும் ஒரு சிவப்பு மிளகாய், ஒரு சின்ன வெங்காயம். அது நிற்கும்வரை மேகம் ஸ்டேடியத்தைத் தாண்டிப் போய்விடுமாம். இல்லாவிட்டால் யார் டிக்கெட் வாங்கி நனைவார்கள்?

"சாத்தே குச்சி மாதிரி இருக்கு. கறியைத்தான் காணோம்" என்றான் கோக் செங். பாக் டாலிப் முறைத்தார்.

நான் மின்சார வாரியத்து ஆள். இடி எங்கிருந்து வருகிறது, மின்னல் எங்கே இறங்கும் என்றெல்லாம் படித்து சர்ட்டிபிகேட் வாங்கியவன். ஆனாலும் அந்தக் குச்சிகளைத் தாண்டிப் போகும்போது காலைச் சுற்றி வைத்துத்தான் நடந்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கொரியாவோடு ஆட்டம். ரோஸ்லான்தான் என்று மத்தியானம்வரை பேச்சு. மூன்று மணிக்கு வானம் கறுத்து, நாலு மணிக்கு ஊற்றியது. பாக் டாலிப் வரவில்லை, பேரனுக்குச் சுன்னத்தாம். கோச் என்னைப் பார்த்து, "கையுறையை மாட்டு" என்றார்.

மழையில் பந்து சோப்புக்கட்டி. அதைப் பிடிக்கக் கூடாது, கட்டிக்கொள்ள வேண்டும். கொரியாக்காரர்கள் தூரத்திலிருந்து அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொன்றையும் வயிற்றோடு வாங்கினேன். சேற்றில் பாய்ந்தால் முட்டி வலிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். பூஜ்யம் – பூஜ்யம். அரையிறுதிக்கு அது போதும்.

குளித்துவிட்டு வந்தால் டத்தோ தோளைத் தட்டினார். "மழைன்னா நம்ம ஆளு" என்றார் எல்லாரிடமும். நம்ம ஆளாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மங்கை மகள் யசோதாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பயத்தம் உருண்டை. பாதியை கோக் செங் தின்றான். யசோதா விடுதி முழுக்க ஓடி, கோ தெய்னிடமிருந்து ஒரு கெட்ட வார்த்தை கற்றுக்கொண்டு வந்து சத்தமாகச் சொன்னாள். மங்கை தலையில் அடித்துக்கொண்டாள். அவன் கைகூப்பி மன்னிப்புக் கேட்டான், அதுவும் தமிழில், அதிலும் பாதி கெட்ட வார்த்தை.

போகும்போது மங்கை கேட்டாள். "கடைசி ஆட்டத்துல நிப்பீங்களா?"

"தெரியல."

"நிக்கலன்னா என்ன பண்ணுவீங்க?"

"பெஞ்சுல உக்காருவேன்."

"அது எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறேன்."

ஏழு வருஷமாக அந்தப் போட்டோவைப் பற்றி யாரிடம் புலம்பியிருக்கிறேன்? அவளிடம்தான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அரையிறுதி, ஜப்பான். நல்ல வெயில். ரோஸ்லான். ரெண்டு – ஒன்று ஜெயித்தோம். பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டினேன். கடைசிப் பத்து நிமிஷம் மனசுக்குள் என்ன வேண்டிக்கொண்டேன் என்று இங்கேகூட எழுத மாட்டேன்.

மறுபக்க அரையிறுதியில் பர்மா ஜெயித்துவிட்டது. சனிக்கிழமை கோ தெய்ன் அந்தப் பக்கம் நிற்பான். இந்தப் பக்கம் யார்?

ஆகஸ்ட் 15, வியாழன்

கோச் சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்தார். மீகோரெங்கைக் கிளறிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. நல்ல மனுஷன், கெட்ட செய்தி சொல்லத் தெரியாது.

"மலை, ஒளிக்காமச் சொல்றேன். காஞ்ச தரையில உன் முட்டி தாங்காது. பர்மாக்காரன் ரெண்டு காலுக்கு நடுவுல பந்தை ஓட்டுறவன், நீ குனியறதுக்குள்ள போயிடும். ஆனா ஈரம்னா எனக்கு நீதான் வேணும். அந்தப் பயல் ஈரப் பந்தைப் பார்த்ததே இல்ல."

"அப்போ?"

"மழைக்கு நீ, வெயிலுக்கு ரோஸ்லான். சனிக்கிழமை நாலு மணிக்கு வானத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

பக்கத்து மேசையில் ரோஸ்லான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கேட்டிருக்கும்.

பதினைந்து வருஷம் பந்து பிடித்தேன். என் கடைசி ஆட்டத்தை மேகம் முடிவு செய்யப்போகிறது. மழையை வெறுக்காத கோல்கீப்பர் உலகத்தில் கிடையாது. இன்றைக்கு நான் ஜன்னலில் நின்று மழை வருமா என்று பார்க்கிறேன். கோக் செங் சிரிக்கிறான். "தவளைக்குப் பொண்ணு பாக்கறியா?" என்கிறான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

காலைப் பயிற்சிக்கு ஸ்டேடியம் போனோம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நாளைக்கும் அப்படித்தான் என்று வானொலியில் சொன்னார்களாம்.

பந்து ஒன்று கிழக்குப் பக்க இருக்கைகளைத் தாண்டிப் பின்னால் போய் விழுந்தது. எடுக்கப் போனேன். நான்தான் போனேன், யாரும் அனுப்பவில்லை. பாய் விரித்திருந்தது, சட்டியில் நேற்றைய சாம்பல், பாக் டாலிப் பசியாறப் போயிருந்தார். குச்சிகள் வரிசையாக நின்றன.

நடுவில் இருந்ததைப் பிடுங்கினேன்.

ஏன் பிடுங்கினேன்? நம்பியா? நான் நம்பவில்லை. நம்பாதவன் ஏன் சுற்றும்முற்றும் பார்த்தேன்? ஏன் குச்சியை ஒடித்து ஜட்டி இடுப்புக்குள் செருகிக்கொண்டு வந்தேன்? மிளகாய் காரம் தோலில் பட்டு மத்தியானம்வரை எரிந்தது. கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். வெங்காயம் மட்டும் போகாமல் மிதந்துகொண்டிருந்தது.

என்ன மனுஷன்டா நீ வடமலை. ஒரு கிழவன் நட்டு வெச்சதப் போய்.

ஆகஸ்ட் 17, சனி

ஒன்று – ஒன்று. நாளை எழுதுகிறேன். கை எழுத மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வீட்டில் இருக்கிறேன். மங்கை என்னைத் தூங்க விட்டுவிட்டாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்து மத்தியானம் எழுப்பினாள்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மூன்றரை மணிவரை வெயில். நாலு மணிக்கு மேற்கே ஒரு மேகம், ஒரே ஒரு மேகம், துண்டு விரித்த அளவுக்கு. கோச் வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். உள்ளே வந்து ரோஸ்லானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மலை" என்றார். அவ்வளவுதான். ரோஸ்லான் எழுந்து வந்து என் கையுறையின் நாடாவைக் கட்டிவிட்டான். என் விரல்களால் அதைக் கட்டிக்கொள்ள முடியாது என்று அவனுக்குத் தெரியும். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

பாக் டாலிப் சாம்பிராணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குச்சி வரிசையில் நடுவில் ஓர் இடைவெளி, ஒரு பல் விழுந்த மாதிரி. தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

முதல் பாதி காய்ந்த தரை. கோச் சொன்னது சரிதான், அவர்கள் காலுக்கு நடுவில் ஓட்டினார்கள். ரெண்டு முறை கம்பம் காப்பாற்றியது. பிறகு நமக்கு ஒரு கார்னர். காப்டன் ஜம்ரி தலையால் முட்டினான், கோ தெய்னின் வளைந்த சுண்டு விரலை உரசிக்கொண்டு உள்ளே போனது. ஒன்று – பூஜ்யம். ஸ்டேடியம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். என்னைக் கட்டிக்கொள்ள யாரும் இவ்வளவு தூரம் ஓடி வருவதில்லை. நான் கம்பத்தைக் கட்டிக்கொண்டேன்.

இடைவேளையில் வந்தது மழை. மழையா அது? கொட்டி வைத்திருந்ததைக் கவிழ்த்த மாதிரி. கால் மணி நேரம். பிறகு பட்டென்று நின்றுவிட்டது. டத்தோ அறைக்குள் வந்து, "நம்ம மழை வந்துடுச்சு!" என்று கூத்தாடினார். நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

ரெண்டாம் பாதியில் பக்கம் மாறினோம். எனக்குக் கிடைத்தது தெற்குக் கோல். அந்தப் பக்கம் தரை கொஞ்சம் தாழ்வு, எல்லாருக்கும் தெரியும். பெனால்டிப் புள்ளிக்கும் கோலுக்கும் நடுவில் குளம். அங்கே வேலையாட்கள் சாக்கை வைத்து ஒற்றியெடுத்தார்கள், ஒற்ற ஒற்ற ஊறியது.

எல்லாவற்றையும் கட்டிப் பிடித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நன்றாகத்தான் பிடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. கிண்ணத்தை மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், சிவப்புத் துணி விரித்து. இங்கிருந்தே தெரிந்தது. பார்க்காதே பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன்.

பந்து கோக் செங்கிடம் வந்தது. பின்னால் அவர்களுடைய ஒன்பதாம் நம்பர். கோக் செங் வெளியே அடித்திருப்பான், அவன் அடிக்கத்தான் காலைத் தூக்கினான். நான் கத்தினேன்: "விடு! எனக்கு விடு!" பத்து வருஷமாக நான் கத்தினால் அவன் விடுவான். விட்டான். மெதுவாக, செல்லமாக, பக்கவாட்டுக் காலால் எனக்குத் தட்டினான்.

பந்து குளத்துக்கு வந்தது. நின்றுவிட்டது.

நான் குனிந்து கையை விரித்துக் காத்திருக்கிறேன், எனக்கு நாலு அடி முன்னால் அது நிற்கிறது. ஒன்பதாம் நம்பர் ஓடி வருவது தெரிகிறது. பாய்ந்தேன். முட்டி வரவில்லை. அவன் கால் வந்துவிட்டது. ஒன்று – ஒன்று.

கூடுதல் நேரத்தில் யாராலும் ஓட முடியவில்லை. சேற்றில் நடந்தோம். நான் ஒன்றைத் தடுத்தேன், கோ தெய்ன் ரெண்டைத் தடுத்தான். விசில். இங்கே சமம் என்றால் கிண்ணம் ரெண்டு பேருக்கும். ஆளுக்கு ஆறு மாசம். யாருக்கு முதல் ஆறு மாசம் என்று நாணயம் சுண்டுவார்கள். ஜம்ரி பார்லிமென்ட் கட்டடம் இருக்கிற பக்கத்தைக் கேட்டான். எண் விழுந்தது.

"பார்லிமென்டை நம்பினா இப்பிடித்தான்" என்றான் கோக் செங். அதைச் சொல்லிவிட்டு அழுதான். நான் அவன் கழுத்தைப் பிடித்து, "நான்தான்டா கத்தினேன்" என்றேன். "கத்தினது நீ, தட்டினது நான். நிறுத்தினது யாரு?" என்றான்.

பர்மாக்காரர்கள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். நான் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். கோ தெய்ன் அதை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். முன்னொரு வருஷம் அந்தப் போட்டோக் கதையை அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

"பிடி" என்றான்.

கை அளவு தூரம். கிண்ணத்தின் ஒரு காதில் சேறு ஒட்டியிருந்தது.

"வேண்டாம்" என்றேன்.

"பாதி உன்னுதுதானே?"

"உன் ஆறு மாசம் முடியட்டும். என் முறை வரும்போது பிடிச்சுக்கறேன்."

அவன் கிண்ணத்தை மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டான். "நீ பிடிவாதக்காரன்" என்றான். இல்லை, அதற்கு அவன் சொன்ன தமிழ் வார்த்தை வேறு. பிறகு, "சரி. என் லுங்கியிலே சுத்தி நானே அனுப்பறேன். உடையாம வரும்" என்றான்.

இதை மங்கையிடம் சொன்னபோது அவள் அரிசி களைவதை நிறுத்திவிட்டாள்.

"குடுத்தப்ப வாங்கியிருக்கலாம்ல?"

நான் முட்டியைத் தேய்த்துக்கொண்டேன்.

"பிப்ரவரியில நீங்க கிள்ளான்ல பாய்லர் பாத்துட்டு இருப்பீங்க. உங்களக் கூப்பிட்டா குடுக்கப் போறாங்க?"

தெரியும். அப்போதே தெரியும். ஆனால் திருடிய மழையில் நனைந்துகொண்டு எப்படி அதை வாங்குவது? மிளகாய்க் கதையைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். "ஒரு மொளகாய்க்கு மழ பெய்யுமா? பைத்தியம்" என்றாள். பிறகு அரிசியை உலையில் போட்டுவிட்டு, "அந்தப் போமோ கிழவர் பாவம்" என்றாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

விடுதியில் விட்டு வந்த சாமான்களை எடுக்கப் போனேன். பஸ் நிறுத்தத்தில் பாக் டாலிப், பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு. பேப்பரில் அவரைக் கேலி செய்து படம் போட்டிருந்தார்கள். அடுத்த வருஷம் வேறு ஆளாம்.

"எண்ணித்தான் வச்சேன்" என்றார், நான் கேட்காமலே. "ஒண்ணு கொறையுது. உங்க சமையக்காரன் எவனோ சம்பல் அரைக்க எடுத்துட்டான். கடையில மொளகாயே கிடைக்கலியா அவனுக்கு?"

"இருக்கும் பாக்" என்றேன்.

"நீ நல்லாப் பிடிச்சே. அந்தப் பந்துக்கு நீ என்ன பண்ணுவே."

அவருடைய பஸ் வரும்வரை கூடவே நின்றேன். பாயைத் தூக்கிப் படியில் வைத்தேன். இதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

கிள்ளான். முதல் ஷிப்ட். உஷ்ணம். யாரும் என்னைப் பந்துக்காரனாகப் பார்க்கவில்லை, நல்லது.

அக்டோபர் 19, சனி

ரோஸ்லான் தேசிய அணியில் முதல் இடம். பேப்பரில் படம். வந்து சொல்லிவிட்டுப் போக கெடாவிலிருந்து திரும்பும் வழியில் கிள்ளானில் இறங்கினான். ஈரப் பந்தை எப்படிப் பிடிப்பது என்று கேட்டான். வாசலில் குழாயைத் திறந்துவிட்டு, யசோதாவின் ரப்பர் பந்தை நனைத்துக் காட்டினேன். மங்கை மீன் குழம்பு வைத்தாள். முட்டி மூன்று நாள் வலித்தது.

டிசம்பர் 5, வியாழன்

மழை. மழை. ஷிப்டுக்குப் போக மனசில்லை. போனேன்.

பிப்ரவரி 8, சனி

சீனப் பெருநாள் நெருங்குகிறது. ஊர் பாதி காலி. மத்தியானம் மின்நிலையத்துக்கு போன் வந்தது, சங்கச் செயலாளர்.

"மலை, நீ இன்னும் கிள்ளான்லதானே? சுபாங் ஏர்போர்ட் பக்கம்தானே? ஆபீஸ்ல யாரும் இல்ல, எல்லாரும் லீவு. ரங்கூன் விமானத்துல கிண்ணம் வருது. போய் எடுத்து வீட்ல வச்சுக்க. வியாழக்கிழமை கொண்டாந்து குடு."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி" என்றேன். யோசித்த மாதிரி காட்டினேன்.

விமான நிலையத்தில் ஒரு பணிப்பெண் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டி கிடையாது. கட்டம் போட்ட பச்சை லுங்கியில் சுற்றி, நாலு மூலையும் சேர்த்து முடிச்சுப் போட்ட மூட்டை. "ரங்கூன்ல ஒருத்தர் விமானப் படிக்கட்டு வரைக்கும் தூக்கிட்டு வந்தார். யார் கையிலயும் குடுக்க மாட்டேன்னு ஒரே ரகளை. விரல் எல்லாம் ஒரு மாதிரி வளைஞ்சிருந்துச்சு. உங்க ஆளா?"

"ஆமாம்" என்றேன்.

டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டேன். முடிச்சை அவிழ்க்கவில்லை. துணி வழியாகவே ரெண்டு காதையும் பிடித்துக்கொண்டு வந்தேன். கற்பூர நெடி டாக்சி முழுக்க. டிரைவர் ஜன்னலை இறக்கினார்.

வீட்டில் மங்கைதான் அவிழ்த்தாள். எனக்கு விரல் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை, அவன் கோல்வலைக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டிருந்தான். மேசையில் இடமில்லை, தையல் மெஷின் மேல் வைத்தோம். யசோதா உள்ளே எட்டிப் பார்த்து, "ஒண்ணுமே இல்லப்பா" என்றாள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. பழைய நசுங்கலா புதிதா என்று தெரியவில்லை. நான் இதுவரை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லையே.

"தூக்குங்களேன்" என்றாள் மங்கை.

தூக்கினேன். தலைக்கு மேல் எல்லாம் இல்லை, நெஞ்சுவரை. மங்கை சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கை வலிக்கப்போவுது, வைங்க" என்றாள். நான் வைக்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், மங்கையின் பழைய துண்டில் சுற்றி. போன வழியில் கோல சிலாங்கூர் பஸ்ஸைப் பார்த்தேன். இறங்கி ஏறிப் போயிருக்கலாம். அடுத்த விடுமுறையில் பாக் டாலிப்பைப் பார்க்கப் போகிறேன். ஒரு கிலோ மிளகாய் வாங்கிக்கொண்டு போனால் கேட்கமாட்டார், அவருக்குப் புரிந்துவிடும்.

டத்தோ சங்கத்தில் இருந்தார். கிண்ணத்தை அலமாரியில் வைக்கச் சொல்லி, பின்னால் தள்ளி நின்று பார்த்தார். அதே போட்டோவுக்குக் கீழே.

"வெறுமனேயா அனுப்பினாங்க? சுத்திக்கித்தி எதுவும் வரலியா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வரல டத்தோ" என்றேன்.

ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. குளித்துவிட்டு, பச்சை லுங்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே தூறல். மங்கை கோப்பி கலக்குகிறாள். முட்டி சத்தம் போட்டது போலிருக்கிறது, நான் கவனிக்கவில்லை.